கிராம சபைக்கு போறவங்களுக்கு: எதை நாமளே முடிவு பண்ணலாம், எதை எம்எல்ஏகிட்ட கொண்டு போகணும்

எங்க ஊர்ல ஒவ்வொரு கிராம சபையிலயும் யாராவது எந்திரிச்சு ஆஸ்பத்திரியில டாக்டர் இல்லைன்னு சத்தம் போடுவாங்க, இன்னொருத்தர் பஸ் நிக்காம போகுதுன்னு சொல்லுவாங்க, மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கவங்க தலையாட்டுவாங்க, ஒரு மணி நேரத்துல கூட்டம் முடிஞ்சு டீ குடிச்சுட்டு எல்லாரும் கிளம்பிடுவோம். அதே இடத்துல பஞ்சாயத்து செலவு பண்ண கணக்கு ஒரு பேனர்ல தொங்கிட்டு இருக்கும், அது முன்னாடி நின்னு படிச்சவங்க ரெண்டு பேர் கூட இருக்க மாட்டாங்க. டாக்டரை போடறது பஞ்சாயத்து கையில கிடையாது. ஆனா அந்த கணக்கை கேக்கறது முழுக்க நம்ம கையில இருக்கு. எது நாமளே நேரா முடிவு பண்ற விஷயம், எது நாம தேர்ந்தெடுத்த ஆள் வழியா போக வேண்டிய விஷயம்னு பிரிச்சு பாக்காததால ரெண்டுமே நடக்காம போகுது. ஏழெட்டு கூட்டம் போய் உக்காந்த பிறகு தான் எனக்கே இது பிடிபட்டுச்சு, புதுசா போறவங்க அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்னு தான் இதை எழுதறேன்.

முதல்ல வித்தியாசத்தை சொல்லிடறேன், இதுக்கு நம்ம பக்கத்துலயே நல்ல உதாரணம் இருக்கு. பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த ஊர்களை இந்தியாவோட சேக்கணுமா வேண்டாமான்னு கேள்வி வந்தப்போ வங்காளத்துல இருக்க சந்தர்நாகூர்ல 1949 ஜூன் 19 அன்னைக்கு மக்களையே நேரா ஓட்டு போட சொன்னாங்க, 7,000 பேருக்கு மேல சேரணும்னு போட்டாங்க, வேண்டாம்னு போட்டது 114 பேர். அதே கேள்வி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாமுக்கு வந்தப்போ ஜனங்களை கேக்கல, 1954 அக்டோபர் 18 அன்னைக்கு புதுச்சேரி பக்கம் கீழூர்ல அவங்களோட பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டு போட்டாங்க, 170 பேர் சேரணும், 8 பேர் வேண்டாம். முதல்ல நடந்தது நேரடி ஜனநாயகம், ரெண்டாவது பிரதிநிதி ஜனநாயகம். ரெண்டுலயும் முடிவு ஒண்ணு தான். ஆனா ஒரு மனுஷன் எந்த நாட்டுக்காரன்ங்கற அளவு பெரிய கேள்வியை அவன்கிட்டயே கேட்டிருக்கணும்ங்கறது என்னோட கருத்து.

இங்க ஒரு குழப்பம் அடிக்கடி வரும், அதையும் தீத்துடலாம். "மேயரை நேரடியா தேர்ந்தெடுக்கறது"ன்னு பேசறோமே, அது நேரடி தேர்தல், நேரடி ஜனநாயகம் இல்ல. 2011-ல தமிழ்நாட்டுல மேயர்களுக்கு ஜனங்களே ஓட்டு போட்டாங்க, 2022-ல கவுன்சிலர்கள் கூடி மேயரை தேர்ந்தெடுத்தாங்க. ரெண்டு முறையிலயும் அதுக்கப்புறம் முடிவு எடுக்கறது நாம அனுப்பின ஆள் தான், நாம இல்ல. ஊராட்சி தேர்தல்ல நமக்கு 4 ஓட்டு இருக்கு, வார்டு உறுப்பினருக்கு ஒண்ணு, தலைவருக்கு ஒண்ணு, ஒன்றிய கவுன்சிலருக்கு ஒண்ணு, மாவட்ட கவுன்சிலருக்கு ஒண்ணு, நாலுமே பிரதிநிதிக்கு போடற ஓட்டு. நேரடியா நாமளே உக்காந்து முடிவு பண்ற இடம்னு பாத்தா கிராம சபை மட்டும் தான்.

கிராம சபைன்னா என்னன்னு அரசியலமைப்பு சட்டமே சொல்லுது, 73-வது திருத்தத்துல சேத்தாங்க, 1993 ஏப்ரல் 24-ல அமலுக்கு வந்துச்சு. அந்த ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்க எல்லாரும் உறுப்பினர். அவ்வளவு தான் தகுதி. யாரும் நம்மள நியமிக்க வேண்டியதில்ல, அஞ்சு வருஷத்துல பதவி முடியறதும் இல்ல. இது எவ்வளவு பெரிய விஷயம்னு 2016-ல தெரிஞ்சுது, அந்த வருஷம் அக்டோபர்ல உள்ளாட்சி பிரதிநிதிகளோட பதவிக்காலம் முடிஞ்சு, 2019 டிசம்பர்ல தான் பெரும்பாலான மாவட்டங்கள்ல கிராமப்புறத்துக்கு அடுத்த தேர்தல் நடந்துச்சு, மூணு வருஷம் தலைவரும் இல்ல வார்டு மெம்பரும் இல்ல, அரசு போட்ட தனி அலுவலர் தான். அப்புறம் 2025 ஜனவரியிலயும் பெரும்பாலான மாவட்டங்கள்ல பதவிக்காலம் முடிஞ்சு மறுபடி தனி அலுவலர் வந்தாங்க. பிரதிநிதி இல்லாம போகலாம், வாக்காளர் இல்லாம போக முடியாது, அதனால தலைவர் நாற்காலி காலியா இருக்கற காலத்துல தான் கிராம சபைக்கு இன்னும் அதிகமா போகணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

சரி, எது யார்கிட்ட போகணும். 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபைக்குன்னு இருக்க வேலைகள் ஊரோட வளர்ச்சி திட்டத்துக்கும் வரவு செலவு திட்டத்துக்கும் ஒப்புதல் குடுக்கறது, தணிக்கை அறிக்கையை பாத்து ஒப்புதல் குடுக்கறது, திட்டங்கள் எப்படி நடக்குதுன்னு பரிசீலிக்கறது. வீடு மாதிரி திட்டங்களுக்கு பயனாளி பட்டியல் அங்க வரும். தெருவிளக்கு, குடிநீர் குழாய், ஊருக்குள்ள ரோடு, சாக்கடை, குப்பை, ஊராட்சி குளம் இதெல்லாம் அங்க பேசி அங்கயே தீர்மானம் போட வேண்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார், பஸ் ரூட் இதெல்லாம் மாநில அரசு வேலை, எம்எல்ஏ, கலெக்டர், துறை அதிகாரி வழியா போகணும். சட்டத்தையே மாத்தணும்னா சட்டமன்றம், நாடாளுமன்றம். அங்க நம்ம எம்எல்ஏ, எம்பி தனியா முடிவு எடுக்க முடியாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கணும், 1985-ல வந்த கட்சித்தாவல் தடை சட்டப்படி கட்சி கொறடா போடற உத்தரவை மீறி ஓட்டு போட்டா பதவியே போயிடலாம். ஊராட்சி தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கட்சி சின்னத்துல நிக்கறதில்ல, அதனால கொறடா தொல்லை அங்க கிடையாது, ஊர்க்காரங்க நெருக்கினா அவங்களால நகர முடியும்.

எம்எல்ஏகிட்ட போக வேண்டிய விஷயத்தையும் கிராம சபையில பேசலாமான்னு கேட்டா தாராளமா பேசலாம், ஆனா பேசிட்டு விட்டுடக்கூடாது. "ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் கேட்டு அரசுக்கு பரிந்துரைக்கிறது"ன்னு தீர்மானமா போட வச்சு அந்த நகலை மனுவோட இணைச்சு எம்எல்ஏகிட்டயும் கலெக்டர்கிட்டயும் குடுங்க. தனி ஆளா நீங்க குடுக்கற மனு வேற, 200 பேர் கூடின சபையோட தீர்மானம் வேற.

இப்போ போறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்.

வருஷத்துக்கு 6 நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்னாடி நாலு தான் இருந்துச்சு, தண்ணீர் தினமான மார்ச் 22-ம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் 2022-ல சேந்துச்சு. சில சமயம் தேதி தள்ளி போகும், சிறப்பு கூட்டமும் வரும். 7 நாள் முன்னாடியே அறிவிப்பு குடுக்கணும்ங்கறது விதி, அதுல இடம், நேரம், கூட்டப்பொருள் எல்லாம் இருக்கணும். ஊராட்சி ஆபீஸ் போர்டுல ஒட்டியிருப்பாங்க, போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. இடம் எங்கன்னு கண்டிப்பா பாருங்க, கோயில், சர்ச், மசூதி வளாகத்துல நடத்தக்கூடாது, ஒவ்வொரு தடவையும் ஒரே தெருவுல வைக்காம சுத்தி சுத்தி வைக்கணும். காலனி பக்கம் ஒரு தடவை கூட நடந்ததில்லைன்னா அதையே எழுத்துல கேளுங்க.

அடுத்தது கணக்கு. இ-கிராம் ஸ்வராஜ்னு மத்திய அரசோட இணையதளம் இருக்கு, அதுல மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சின்னு தேடி உள்ள போனா நம்ம ஊரோட திட்டம், வந்த பணம், செலவு பாக்கலாம். கூட்டத்துல வைக்கற வரவு செலவு அறிக்கைக்கு படிவம் 30-னு பேர், பேனர்ல போடறது இதோட சுருக்கம் தான். கணக்கு படிக்க தெரியாதேன்னு ஒதுங்காதீங்க. எங்க ஊர்ல ஒரு சுயஉதவிக்குழு அக்கா எட்டாவது வரைக்கும் தான் படிச்சவங்க, பேனரை நிதானமா படிச்சுட்டு "தம்பி, மேட்டுத்தெரு மோட்டார் ரிப்பேருன்னு மூணு இடத்துல போட்டிருக்கு, அந்த மோட்டார் தை மாசத்துல இருந்து ஓடவே இல்லையே, எதை ரிப்பேர் பண்ணாங்க"ன்னு கேட்டாங்க. பதில் வரல. அடுத்த கூட்டத்துக்குள்ள மோட்டார் ஓடுச்சு. மொத்த கணக்கையும் பிடிக்க வேண்டியதில்ல, உங்க தெருவுக்கு வந்த ரெண்டு வரியை மட்டும் பிடிச்சா போதும்.

கணக்கு விஷயத்துல உத்திரமேரூர் கல்வெட்டையும் சொல்லணும். குடவோலை முறைன்னு எல்லா மேடையிலயும் பெருமையா பேசறோம், பராந்தக சோழன் காலம், 919, 921 வருஷம், 30 குடும்புகள்ல, அதாவது அந்தக் கால வார்டுகள்ல இருந்து, ஓலைச்சீட்டு போட்டு சபை வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுத்தாங்க. ஆனா சீட்டுல பேர் வரணும்னா சொந்த நிலம், சொந்த மனையில வீடு, 35-க்கு மேல 70-க்குள்ள வயசு, வேதம் தெரிஞ்சிருக்கணும்னு இருந்துச்சு. அது ஒரு பிராமண சபையோட ஏற்பாடு, ஊர்ல உழைச்ச பெரும்பாலானவங்களுக்கு அதுல இடமே கிடையாது, அதனால அதை இன்னைக்கு கிராம சபையோட ஒண்ணா வச்சு பேசறது சரியில்லைன்னு தான் எனக்கு படுது. ஆனா அதுல இருக்க ஒரு விதியை எடுத்துக்கலாம், வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவனும் அவனோட நெருங்கின சொந்தக்காரங்களும் மறுபடி வர முடியாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பிரதிநிதியை கட்டுப்படுத்த கணக்கை தான் பிடிச்சிருக்காங்க.

மூணாவது, தீர்மானத்தை வீட்லயே எழுதிட்டு போங்க. இது தான் நான் சொல்றதுலயே முக்கியமானது. நான் முதல் தடவை "எங்க தெருவுக்கு தண்ணி வசதி வேண்டும்"னு எழுதி குடுத்தேன், "பரிசீலிக்கப்படும்"னு ஒரு வரியோட முடிஞ்சுது. அடுத்த தடவை இப்படி எழுதினேன்: "மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து கிழக்குத் தெரு கடைசி வீடு வரை சுமார் 300 மீட்டர் நீளத்துக்குக் குடிநீர்க் குழாய் நீட்டிக்கவும், அதற்கான மதிப்பீட்டைத் தயார் செய்து அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வைக்கவும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது." எங்க இருந்து எது வரை, எவ்வளவு, அடுத்து என்ன, எப்போ, இந்த நாலும் இருக்கணும். ரெண்டு பிரதி எடுத்து ஒண்ணுல கையெழுத்தும் தேதியும் வாங்கி வச்சுக்கோங்க. தெருக்காரங்க கையெழுத்து 30, 40 இருந்தா இன்னும் பலம்.

கூட்டத்துல உக்காந்த உடனே தலையை எண்ணுங்க. எவ்வளவு பேர் இருக்கணும்னு விதி இருக்கு, மக்கள்தொகை 500 வரைக்கும் 50 பேர், 501-ல இருந்து 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. அறுபது பேர் உக்காந்திருக்கப்போ 200 கையெழுத்து நோட்டுல வரப்போகுதுன்னு தோணுச்சுன்னா அங்கயே எந்திரிச்சு பற்றாளர்கிட்ட சொல்லுங்க, பற்றாளர்னா கூட்டத்தை கவனிக்க அரசு அனுப்பற அலுவலர், வெளி ஆள்ங்கறதால அவர்கிட்ட பேசறது பல நேரம் சுலபம். கையெழுத்து நோட்டு வந்தா மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு போடுங்க, வெறும் பக்கத்துல போடாதீங்க. கூட்டம் முடியறப்போ போட்ட தீர்மானத்தை எல்லாம் ஒரு தடவை படிச்சு காட்ட சொல்லுங்க, உங்களோடது எத்தனாவது நம்பர்னு குறிச்சுக்கோங்க. "அப்புறம் எழுதிக்கறோம்"னு சொன்னா "ரெண்டு நிமிஷம் தான், இப்பவே எழுதிடலாம்ங்க"ன்னு பொறுமையா நில்லுங்க, சண்டை போட்டா கூட்டம் கலைஞ்சு போகும், நமக்கு தான் நஷ்டம்.

நேரடி ஜனநாயகம்னா எல்லாம் நல்லா இருக்கும்னு நான் சொல்ல வரல. கை தூக்கி முடிவு பண்ற இடத்துல ரகசியம் கிடையாது. யார் நிலத்துல வேலைக்கு போறோமோ அவர் எதிர்லயே உக்காந்திருக்கப்போ அவருக்கு எதிரா கை தூக்க எத்தனை பேரால முடியும். தனியா பூத்துக்குள்ள போய் போடற ஓட்டுல இருக்க பாதுகாப்பு சபையில இல்ல. சுவிட்சர்லாந்துல கிளாரஸ், உள் அப்பன்செல்னு ரெண்டு மாநிலத்துல இன்னைக்கும் ஜனங்க மைதானத்துல கூடி கை தூக்கி சட்டம் போடறாங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா உள் அப்பன்செல்ல அந்த மைதானத்துல கூடின ஆம்பளைங்க பொம்பளைங்களுக்கு ஓட்டு வேண்டாம்னு திரும்ப திரும்ப கை தூக்கினாங்க, கடைசியில 1990-ல நீதிமன்றம் சொல்லி தான் குடுத்தாங்க. நாடு முழுக்க எடுத்தா கூட 1959-ல ஆம்பளைங்க மட்டும் ஓட்டு போட்டு வேண்டாம்னாங்க, 1971-ல தான் ஒத்துக்கிட்டாங்க. யார் சபையில இருக்காங்கங்கறத பொறுத்து தான் சபை நியாயமா இருக்கும். நம்ம ஊர்ல பயப்படறவங்களை கூட்டமா கூட்டிட்டு போங்க, தனியா எந்திரிக்க தயங்கறவங்க பேரை எழுத்து மனுவுல சேருங்க, கூலி வேலைக்கு போறவங்க ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு வர்றாங்கங்கறத மனசுல வச்சு அவங்க விஷயத்தை முதல்ல எடுக்க சொல்லுங்க.

அதே சுவிட்சர்லாந்துல நல்லதும் இருக்கு. அங்க நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகு 100 நாள்ல 50,000 கையெழுத்து சேத்தா அந்த சட்டம் ஜனங்க ஓட்டுக்கு வந்துடும், 18 மாசத்துல 1,00,000 கையெழுத்து சேத்தா அரசியலமைப்பையே மாத்த சொல்லி கேக்கலாம். ஜனங்ககிட்ட விட்டா தனக்கு லாபமா இருக்கறத தான் போடுவாங்கன்னு சொல்றவங்க 2012-ஐ பாக்கணும், எல்லா தொழிலாளிக்கும் வருஷத்துக்கு 6 வாரம் லீவுன்னு வந்த கோரிக்கையை மூணுல ரெண்டு பங்கு பேர் வேண்டாம்னு போட்டாங்க. அங்கயும் பிரதிநிதி இருக்கார், அவர் மேல ஜனங்க கை இருக்கு. நம்ம ஊராட்சியும் அதே அமைப்பு தான், ஊராட்சி மன்றம் வேலை செய்யுது, கிராம சபை அதுகிட்ட கணக்கு கேக்குது.

தீர்மானம் போட்டா அரசு கேட்டுடுமான்னு அடுத்து கேப்பீங்க. எந்த சட்டம் பின்னாடி நிக்குதுங்கறத பொறுத்தது. ஒடிசாவுல நியம்கிரி மலையில பாக்சைட் சுரங்கம் வேண்டுமான்னு கிராம சபைகளே முடிவு பண்ணட்டும்னு 2013 ஏப்ரல்ல உச்சநீதிமன்றம் சொல்லுச்சு, 12 கிராமத்துலயும் வேண்டாம்னு சொன்னாங்க, சுரங்கம் வரல. அங்க 2006 வன உரிமை சட்டம் இருந்துச்சு. காஞ்சிபுரம் பக்கம் ஏகனாபுரத்துல பரந்தூர் விமான நிலையம் வேண்டாம்னு 2022-ல இருந்து திரும்ப திரும்ப தீர்மானம் போட்டாங்க, ஆனா நிலம் எடுக்கறதை நிறுத்தற அதிகாரம் அந்த தீர்மானத்துக்கு இல்ல, அதனால அரசு வேலையை நிறுத்தல. அந்த ஊர்க்காரங்களோட உறுதியை நினைச்சா மனசு கனக்குது.

கிராம சபையும் நாம அனுப்பின பிரதிநிதிகளும் கைகோத்தா என்ன நடக்கும்ங்கறதுக்கு மேலூர் பக்கம் அரிட்டாபட்டி இருக்கு. 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்ச செய்தி வந்த உடனே அந்த மாச கிராம சபைகள்ல எதிர்ப்பு தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9-ல சட்டமன்றத்துல ஏலத்தை ரத்து பண்ண சொல்லி ஒருமனதா தீர்மானம் வந்துச்சு. ஜனவரி 7-ல ஆயிரக்கணக்குல ஜனங்க மதுரைக்கு நடந்தே வந்தாங்க. 2025 ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. கிராம சபை மட்டும் சொல்லியிருந்தா டெல்லி வரைக்கும் கேட்டிருக்குமாங்கறது சந்தேகம், ஊர்ல எதிர்ப்பு இல்லாம இருந்திருந்தா சட்டமன்றம் அவ்வளவு வேகமா கூடியிருக்காது.

கூட்டம் முடிஞ்ச பிறகு பாதி பேர் விட்டுடற வேலை ஒண்ணு இருக்கு. தீர்மான நகலை கேட்டு வாங்கணும். சும்மா கேட்டு குடுக்கலைன்னா தகவல் உரிமை சட்டத்துல ஊராட்சியோட பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்க, "இந்த தேதியில நடந்த கிராம சபையோட தீர்மானப் புத்தக பக்கங்களும் வருகை பதிவும்"னு தெளிவா கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மேல்முறையீடு. நகல் கையில வந்ததும் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) ஆபீஸ்ல கிராம ஊராட்சி பார்க்கறவருக்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒண்ணு அனுப்புங்க, ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் கலெக்டர் தான். வருகை பதிவையும் சேத்து கேக்க சொல்றதுக்கு காரணம் இருக்கு, அன்னைக்கு நீங்க எண்ணின தலைக்கும் நோட்டுல இருக்க கையெழுத்துக்கும் பொருந்துதான்னு பாத்துடலாம். அடுத்த கூட்டத்துக்கு போறப்போ அந்த நகலை கையில எடுத்துட்டு போய் "போன தடவை 7-வது தீர்மானம் என்ன ஆச்சுங்க"ன்னு முதல் கேள்வியா கேளுங்க, எங்க தெருவுக்கு குழாய் வந்தது அந்த கேள்வியை மூணு கூட்டத்துல கேட்ட பிறகு தான்.